மடிக்கணினி வந்தது, பேட்ச் வரவில்லை

ஆரணிப் பக்கத்துச் சேவூர் தறி வீடுகளில் தமிழக அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகள் சில இன்னும் ஓடுகின்றன. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. நான் திறந்து பார்த்தவற்றில் கொடுத்த நாளில் இருந்த கெர்னலே (இயங்குதளத்தின் மையநிரல்) இருக்கிறது. வீட்டில் இணைய இணைப்பு இல்லை. புதுப்பிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவும் ஆளில்லை.

இது சின்ன விஷயமல்ல. 2007-ல் வந்த 2.6.22 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலில் ஓர் ஓட்டை இருந்தது. சாதாரணப் பயனர் ஒருவர் அதன் வழியே கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம். ‘டர்ட்டி கௌ’ என்று பெயர் வாங்கிய அது 2016 அக்டோபரில்தான் அடைபட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு இதற்கு வேரான பழைய கோளாறைச் சரிசெய்ய முயன்றிருந்தார். வேறொரு வகைக் கணினியில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் நீக்கப்பட்டுவிட்டது. கடைசியில் அடைத்த பேட்ச், அதாவது திருத்தம், சில வரிகள்தான்.

பேட்சின் அழகே அதுதான். மாறிய வரிகளை மட்டும் அனுப்பினால் போதும். முழு நிரலும் பயணிக்க வேண்டியதில்லை. 1985-ல் லாரி வால் ‘பேட்ச்’ நிரலை எழுதியபோதும் இணைப்புகள் மெதுவானவையே. கூட்டிய வரிக்கு முன் ‘+’, நீக்கிய வரிக்கு முன் ‘-’. கூடவே மேலும் கீழும் மாறாத மூன்று மூன்று வரிகள் வரும். ஒட்ட வேண்டிய இடத்துக்கு அவையே அடையாளம். தறியில் தீர்ந்த பாவோடு புதுப் பாவைப் பிணைப்பவர் ஒவ்வோர் இழைக்கும் அதற்குரிய இழையைத் தேடி முறுக்குகிறாரே, அதே கவனம். இடம் சில வரிகள் தள்ளிப் போயிருந்தால் நிரலே தேடிப் பிடிக்கும். பொருந்தவே இல்லையென்றால் ஒட்டாமல் ‘.rej’ கோப்பில் ஒதுக்கி வைக்கும். அந்தக் கோப்பைப் பார்க்காமல் கெர்னலைத் தொகுக்கவே கூடாது.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கெர்னல் 6.6.3-க்கான பேட்சை ஒட்டியவர் அதன் மேலேயே 6.6.4-ஐ ஒட்டப் பார்ப்பார். இரண்டுமே 6.6-ஐ அடிப்படையாகக் கொண்டவை. எனவே ‘-R’ கொடுத்து முந்தையதைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்ததை ஒட்ட வேண்டும்.

6.6.3, 6.6.4 போன்ற இந்த நிலைப்பதிப்புகளுக்கு 2005-லிருந்து ஒரு கறார் ஒழுங்கு இருக்கிறது. டோர்வால்ட்ஸின் முதன்மை நிரல்தொகுப்பில் ஏற்கெனவே சேர்ந்த திருத்தமாக இருக்க வேண்டும். அடையாள வரிகளையும் சேர்த்து 100 வரியைத் தாண்டக் கூடாது. கைமாற்றி அனுப்பும் ஒவ்வொருவரும் பெயரிட்டு ஒப்பமிட வேண்டும். 2004-ல் வந்த இந்த ஒப்ப முறையை நான் மிகவும் மதிக்கிறேன். திருத்தம் எவர் எவர் கையால் வந்தது என்பது கடைசிவரை தெரிகிறது.

ஆனால் இவ்வளவு ஒழுங்காகக் கிளம்பும் திருத்தம் ஆரணிப் பக்கம் வரும்போது வழி முடிந்துவிடுகிறது. 2025 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவிகள் தருவதாக அரசு அறிவித்தது. அவற்றோடு, மாதம் ஒருமுறை பேட்ச்களை ஊர்ப்புற நூலகத்தில் ஒரு பென்டிரைவில் கிடைக்கச் செய்யுங்கள். ஒட்டிக் காட்ட ஓர் ஆளையும் பழக்குங்கள். காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது; கூப்பிட்டால் சொல்லித்தர ஆள் கிடைக்கும்.