மரத்தை மீட்டீர், பெயரை மீட்பீரா?

கல்குளத்து அரண்மனையைக் கண்டு திரும்பினோம். “எந்தக் கல்குளம்?” என்று கேட்கின்றீர்களா? அந்தக் கேள்வியே நம் வழக்கிற்கு முதற்சான்று. குமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகில், ‘பதுமநாபபுரம் அரண்மனை’ என்று உலகுக்குக் காட்டப்படுகின்றதே, அதுதான் கல்குளத்து அரண்மனை!

மரமும் சுண்ணமும் ஓடுமாய் எழுந்த கட்டடத் தொகுதி அது. ஆகலின் அங்குச் சீர்ப்பணிக்கு ஓய்வில்லை. உளுத்த கைமரத்தை மாற்ற வேண்டும். உடைந்த ஓட்டை நீக்க வேண்டும். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கூட்டிக் கண்ணாடிபோல் இழைத்த கருந்தரையைக் காக்க வேண்டும். முகப்புக் கூடத்தின் கூரையில் 90 வகைப் பூக்களைச் செதுக்கிய தச்சனின் உளித்தடம் அறிந்த கைகள் இன்றும் வேண்டும். அப்பணியைக் கேரளத் தொல்லியல் துறை செய்து வருகின்றது. உழைக்கும் கைகளைப் பழிப்பது நம் நோக்கமன்று. மரத்தை மீட்போர் பெயரை மீட்க வேண்டாவா என்பதே நம் வினா.

அவ்வூர் கல்குளமாகவே வாழ்ந்த ஊர். வேணாட்டரசர் காலத்திலேயே அங்குக் கோட்டையும் கொட்டாரமும் இருந்தன. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவருமன் அரண்மனையை விரித்துக் கட்டினான். 1750-இல் தன் நாட்டையே திருவனந்தபுரத்துப் பதுமநாபர்க்கு ஒப்படைத்தான். அவன் காலத்தில்தான் கல்குளம் பதுமநாபபுரம் ஆயிற்று. 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்திற்குப் பெயர்ந்தது. அரசன் போனான், அரியணை போயிற்று, அவன் காலத்தில் ஏற்றிய வடமொழிப் பெயர் மட்டும் போகவில்லை! 2014-இல் உலக மரபு உடைமைகளின் முன்பட்டியலில் ஏறியதும் அப்பெயரே.

அரண்மனைக்கு உள்ளேயும் இதே கதைதான். மிகப் பழைய பகுதி, தாய்க்கொட்டாரம். ஏறத்தாழ 2000 பேர்க்குச் சோறிட்ட கூடம், ஊட்டுப்புரை. மக்கள் நாவில் பிறந்த பெயர்கள் இவை. கேட்டவுடன் பொருள் விளங்கும். அரசர் தம் பெருமைக்கெனச் சமைத்தவையோ, இந்திர விலாசம், நவராத்திரி மண்டபம்! சோறு வடித்த இடத்தில் மக்கள் மொழி. பெருமை கொண்டாடிய இடத்தில் வடமொழி. மேட்டுக்குடி எந்த மொழியில் தன்னை உயர்த்திக் கொண்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

“இறைவன் பெயரையா எதிர்க்கின்றீர்?” என்பர் சிலர். இறைவனை எவரும் எதிர்க்கவில்லை. இறைவன் பெயரைச் சூட்டுவதற்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்தது என்கின்றோம். “பழகிய பெயரை மாற்றலாமோ?” என்பர் வேறு சிலர். வட்டத்தின் பெயர் இன்றும் கல்குளமே! வட்டத்திற்குப் பொருந்தும் பெயர் அதன் தலைமைச் சிறப்பான அரண்மனைக்கு மட்டும் பொருந்தாதோ?

அந்த மண் எளிதில் தாயகம் சேரவில்லை. 1954 ஆகத்து 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையின் துமுக்கிச் சூட்டில் தமிழர் மடிந்தனர். அவர்தம் ஈகத்தின் பயனாகவே 1956 நவம்பர் முதல் நாளில் கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகத்தீசுவரமும் நம்மோடு இணைந்தன. மண் வந்தது, அரண்மனையின் ஆளுகை கேரளத்திடமே நின்றது. ஆளுகை யாரிடம் இருப்பினும் ஆகுக. மண்ணின் பெயரை மறைக்கும் உரிமை யார்க்கும் இல்லை.

அரண்மனையிலிருந்து சிறிது தொலைவில், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கின்றது. இன்று அது பல்லுயிர்ப் பூங்கா. 1741-இல் குளச்சற் போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவனான, ஆலந்துக்காரரிடம் பணிபுரிந்த திலனாயின் கல்லறை அங்குள்ளது. 1777-இல் இறந்த அவ்வயலானின் கல்லறையில் இலத்தீனோடு எந்த மொழி பொறிக்கப்பட்டுள்ளது தெரியுமா? தமிழ்! கடல் கடந்து வந்தவனின் கல்லறைக்கே அந்த மண்ணின் மொழி வேண்டியிருந்தது. மண்ணிலேயே எழுந்த அரண்மனைக்கு வேண்டாவோ?

தமிழனே! அங்குச் செல். கருந்தரையையும் மரப்பூக்களையும் கண்குளிரக் காண். திரும்பி வந்து, எங்குச் சென்றாய் என்று கேட்பார்க்குக் ‘கல்குளத்து அரண்மனைக்கு’ என்று விடை சொல். அரசு எழுதாத பெயரை முதலில் உன் நா எழுதட்டும். பலகை பிறகு மாறும்!