மாணவர்கள் தட்டிய கோர்ட்டுக் கதவு

ஒருவர் தன் வீட்டுக் குப்பையைத் தினமும் பக்கத்து வீட்டு முற்றத்தில் கொட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார்? முதலில் நயமாகச் சொல்லிப் பார்ப்பார். பிறகு ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுவார். அதிலும் பலன் இல்லை என்றால் கோர்ட்டுக்குப் போவார்.

குப்பை கொட்டுவது ஒரு நாடாக இருந்தால்? அந்தக் குப்பை கண்ணுக்கே தெரியாத புகையாக இருந்தால்? யாரிடம் முறையிடுவது?

இந்தக் கேள்வியை 2019-ம் ஆண்டில் 27 சட்ட மாணவர்கள் எழுப்பினார்கள். உலகத்தின் மிகப் பெரிய நீதிமன்றம் 2025-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி அதற்குப் பதில் சொன்னது.

அந்தப் பதிலை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

புயலில் சிக்கிய தீவு

பசிபிக் மகா சமுத்திரத்தில் வனுவாட்டு என்று ஒரு நாடு இருக்கிறது. 80-க்கு மேற்பட்ட சிறு தீவுகள் சேர்ந்த நாடு. ஜனத்தொகை சுமார் 3 லட்சம். விவசாயமும் மீன்பிடிப்பும்தான் பெரும்பாலோருடைய பிழைப்பு.

2015-ம் ஆண்டு மார்ச் மாதம் அங்கே "பாம்" என்ற கொடும் புயல் வீசியது. அதனால் ஏற்பட்ட நஷ்டம் எவ்வளவு தெரியுமா? அந்த நாட்டின் ஒரு வருஷ உற்பத்தி மதிப்பில் 100-க்கு 64 பங்கு! 2023-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு புயல்கள் தாக்கின. முதல் புயலில் விழுந்த கூரையைத் தூக்கி நிறுத்துவதற்குள் அடுத்த புயல் வந்துவிட்டது.

புயல் என்றைக்கும் உண்டு. ஆனால் இப்போது அதன் பலம் கூடியிருக்கிறது. காரணம் என்ன?

நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு ஆகியவற்றை எரித்தால் கரியமில வாயு உண்டாகிறது. அது வானத்தில் ஒரு போர்வைபோல் தங்கிவிடுகிறது. பூமியின் சூடு வெளியே போகாமல் தடுக்கிறது. எந்திரத் தொழில் பரவுவதற்கு முந்திய காலத்தைவிடப் பூமியின் சூடு ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது.

"ஒரு டிகிரிதானே!" என்று நினைக்கலாம். உடம்பில் ஒரு டிகிரி ஏறினால் குழந்தை பாயை விட்டு எழுந்திருப்பதில்லை. பூமிக்கும் அப்படித்தான். கடல் சூடானால் புயலுக்குத் தீனி கிடைக்கிறது. பனி மலை உருகினால் கடல் மட்டம் உயர்கிறது. 1901-ம் ஆண்டு முதல் 2018-ம் ஆண்டு வரை கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. மேடான ஊரில் இருப்பவர்களுக்கு அது ஒரு சாண் தண்ணீர். தாழ்வான தீவில் இருப்பவர்களுக்கோ அது குடிநீர்க் கிணற்றில் ஏறும் உப்பு.

இந்தப் புகையில் வனுவாட்டு விட்டது எவ்வளவு? கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாத அளவுக்குச் சொற்பம். புகை விட்டது ஒருவர். கூரை இழந்தது மற்றொருவர்!

மாணவர்களின் யோசனை

பசிபிக் தீவுகள் பலவற்றுக்கும் பொதுவாக ஒரு பல்கலைக்கழகம் உண்டு. அதன் சட்ட வகுப்பு வனுவாட்டில் இருக்கிறது. அங்கே படித்த 27 மாணவர்கள் கூடி யோசித்தார்கள்.

"மாநாடு மாநாடாகப் பேசுகிறார்கள். வாக்குறுதி தருகிறார்கள். நிறைவேற்றாவிட்டால் கேட்பார் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று நீதிமன்றத்தையே கேட்டால் என்ன?" இதுதான் அவர்களுடைய யோசனை.

தீவு நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசாங்கம் அந்த யோசனையை ஏற்று, ஊர் ஊராக ஆதரவு திரட்டியது. 2023-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. 132 நாடுகள் சேர்ந்து அதைக் கொண்டுவந்தன. எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறியது.

நெதர்லாந்து நாட்டில் ஹேக் என்ற நகரம் இருக்கிறது. சர்வதேச நீதிமன்றம் இருப்பது அங்கேதான். அதன் முன் இரண்டு கேள்விகள் வைக்கப்பட்டன. பூமியின் சூட்டைத் தடுக்க நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை? கடமை தவறினால் என்ன விளைவு?

2024-ம் ஆண்டு டிசம்பரில் விசாரணை நடந்தது. 96 நாடுகள் வாதாடின. அந்த நீதிமன்றத்தில் அதற்கு முன் இத்தனை நாடுகள் ஒரே விஷயத்துக்காக வந்தது கிடையாது.

நீதிபதிகள் சொன்னது

15 நீதிபதிகளும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். அதன் சாரம் இது:

பிற நாட்டுக்குப் பெருந்தீங்கு வராமல் தடுப்பது ஒவ்வொரு நாட்டின் கடமை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத நாட்டுக்கும் இந்தக் கடமை உண்டு.

2015-ம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாடும் தன் திட்டத்தைத் தானே வகுக்கலாம். அதற்காக, ஒப்புக்கு ஒரு காகிதத்தை நீட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. இயன்ற அளவு முழு முயற்சி காட்ட வேண்டும்.

கடமை தவறினால் அது சட்ட மீறல். அதை நிறுத்த வேண்டும். தீங்குக்கும் தவறுக்கும் உள்ள தொடர்பு ருசுவானால் நஷ்டஈடும் கொடுக்க வேண்டி வரும்.

"எல்லோரும்தான் புகை விடுகிறார்கள். எங்களை மட்டும் எப்படிப் பிடிக்கலாம்?" என்ற சமாதானமும் செல்லவில்லை. ஒவ்வொரு நாடும் எவ்வளவு புகை விட்டது என்பதை விஞ்ஞானக் கணக்கால் கண்டுபிடிக்க முடியும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஏட்டுச் சுரைக்காயா?

இங்கே ஒரு சந்தேகம் எழும். இது ஆலோசனைக் கருத்துதான். கட்டாயத் தீர்ப்பு அல்ல. போலீஸ் அனுப்பிப் பிடிக்கும் அதிகாரம் சர்வதேச நீதிமன்றத்துக்கு இல்லை. அப்படியானால் இதனால் என்ன லாபம்?

சந்தேகம் நியாயமானதே. ஆனால் சட்டம் காரியம் செய்ததற்கும் சாட்சி இருக்கிறது. அது அதே ஹேக் நகரில்தான்.

நெதர்லாந்தில் சுமார் கால் பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1953-ம் ஆண்டு வெள்ளத்தில் அங்கே 1,800-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கடல் உயர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஜனங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "அர்கெண்டா" என்ற அமைப்பும், 886 குடிமக்களும் சேர்ந்து தங்கள் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். 1990-ம் ஆண்டு அளவிலிருந்து 25 சதவீதப் புகையை 2020-ம் ஆண்டு முடிவதற்குள் குறைக்கவேண்டும் என்று 2015-ம் ஆண்டில் நீதிமன்றம் கட்டளை இட்டது. அரசாங்கம் மேல் கோர்ட்டுக்குப் போனது, தோற்றது. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2019-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி அங்கும் தோற்றது.

ஆம்ஸ்டர்டாம் நகரில் இருந்த நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. 2020-ம் ஆண்டில் இலக்கும் எட்டப்பட்டது. கொரோனாவால் வண்டிகள் ஓடாததும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால், கட்டளை இல்லாவிட்டால் அரசாங்கம் அந்த இலக்கையே ஏற்றிருக்காது.

எல்லா வழக்கும் ஜெயிப்பதில்லை. பெரு நாட்டு விவசாயி ஒருவர், ஜெர்மனியின் பெரிய மின்சாரக் கம்பெனி மீது 2015-ம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். பனி மலை உருகி, மேலே உள்ள ஏரி உடைந்தால் தன் வீடு போய்விடும் என்றார். பத்து ஆண்டுகள் வழக்கு நடந்தது. வீட்டுக்கு உடனடி அபாயம் ருசுவாகவில்லை என்று 2025-ம் ஆண்டு மே மாதம் வழக்கு தள்ளுபடி ஆயிற்று. ஆனால் அதே தீர்ப்பில், பெரும்புகை விடும் கம்பெனிகளைப் பொறுப்பாளி ஆக்க முடியும் என்ற தத்துவத்தை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். விவசாயி தோற்றார்; அவர் கேட்ட கேள்வி தோற்கவில்லை.

யாருக்கு எவ்வளவு?

ஏழை நாடுகள் வளர வேண்டாமா? வேண்டும். பொறுப்பு எல்லோருக்கும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல என்பது சர்வதேசச் சட்டத்தில் உள்ள விதி. முதலில் பணக்காரர் ஆனவர்கள் முதலில் சுமை தூக்க வேண்டும். இந்தியாவும் ஹேக் நகரில் இதையே வாதாடியது.

அதே சமயம் இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டும் 2024-ம் ஆண்டு ஒரு தீர்ப்பில், பருவநிலை மாற்றத்தின் தீமையிலிருந்து காக்கப்படுவது மக்களின் உரிமை என்று சொல்லியிருக்கிறது. உரிமை என்று ஆனபிறகு, கேட்பதற்கு யாரும் கூச வேண்டியதில்லை.

சட்டம் புயலை நிறுத்தாது. கடலைத் தடுக்காது. ஆனால் கெஞ்சுகிறவனைக் கேட்கிறவனாக நிமிர்த்தும். கூரை இழந்த தீவுவாசி இனி தர்மம் கேட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. கணக்குக் கேட்கலாம்.

பெரிய நாடுகள் அந்தக் கணக்கைக் கொடுத்தே தீர வேண்டும். தாங்களே கொடுப்பது கௌரவம். அடுத்தடுத்து வழக்குகள் வந்து, கோர்ட்டுச் சொல்லிக் கொடுப்பது அவமானம்.