கவிழும் வண்டியும் காக்கும் விதியும்

புல்வெட்டும் இயந்திரத்தில் ஏறி அமர்ந்து பந்தயம் விடுகிறார்கள் என்றால் சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் இயற்பியல் பயிலும் மாணவர் கூர்ந்து நோக்க வேண்டிய பந்தயம் அது. 1973ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள விஸ்பரோ கிரீன் என்னும் சிற்றூரில், ஜிம் கேவினும் நண்பர்களும் செலவு குறைந்த மோட்டார் பந்தயம் ஒன்றைத் தேடினார்கள். அந்நாட்டில் வீட்டுக்கு வீடு இருப்பது புல்வெட்டி. அதையே பந்தய வண்டியாக்கி, ஒரு சங்கமும் அமைத்தார்கள். வெட்டும் கத்தியைக் கழற்றிவிட வேண்டும். பரிசுப் பணம் கிடையாது, விளம்பரதாரரும் கிடையாது. கார்ப் பந்தய வீரர் ஸ்டர்லிங் மாஸ் கூட அவர்களுடைய பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தில் ஓட்டி வென்றிருக்கிறார்!

வண்டிகளைப் பிரிவு பிரிவாக ஓட விடுகிறார்கள். உருளையால் நகர்ந்து, பின்னால் ஓர் இருக்கையை இழுத்துச் செல்வது ஒரு வகை. சிறு டிராக்டரைப் போல முன்மூடியோடு இருப்பது வேறொரு வகை. இவை வளைவில் திரும்பும் முறையே வேறு. ஆகவே இரண்டையும் ஒன்றாக ஓட விடுவது முறையன்று.

எஞ்சினை மாற்றிப் பெரிதாக்க விதி இடம் தராது. இது ஆர்வத்துக்குப் போடும் தடை என்று சிலர் குறைப்படுவார்கள். நான் அப்படிக் கருதவில்லை. நம் கோவையில் கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களிலும் எல்லாருக்கும் ஒரே மாருதி 800 எஞ்சின்தான். சக்தி சமமாகிவிட்டால், வளைவை யார் அறிந்து ஓட்டுகிறார் என்பதே வெற்றியை முடிவு செய்யும்.

அந்த வளைவுக்கு வருவோம். வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே எவ்வளவு அகலம் என்ற இரண்டு அளவுகள் போதும். அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் பெரிதாக இருந்தால் வண்டி எளிதில் கவிழாது. அதனால்தான் பந்தயப் புல்வெட்டிகளைத் தரையோடு தரையாகத் தாழ்த்துகிறார்கள். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சின் தானே நிற்கும்படி, அவர் உடலோடு ஒரு கயிறும் இணைத்திருப்பார்கள்.

இனி நம் ஊருக்கு வாருங்கள். கச்சிராயப்பாளையம், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். டிரெய்லரின் சக்கர இடைவெளி 1.6 மீட்டர், ஆளுயரத்துக்கு மேல் கரும்பு அடுக்கியதால் ஈர்ப்பு மையம் 2 மீட்டர் உயரத்தில் என்று கொள்வோம். 0.8ஐ 2ஆல் வகுத்தால் 0.4. ஆரம் 15 மீட்டர் உள்ள வளைவில் கவிழும் வேகத்தின் வர்க்கம் 9.8 × 15 × 0.4, அதாவது 58.8. வேகம் நொடிக்கு 7.7 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர்தான்! சைக்கிளில் முனைந்து மிதித்தால் நீங்களே அந்த வேகத்தை எட்டிவிடலாம். சாலை வெளிப்புறம் சரிந்திருந்தால் இன்னும் குறைவு. ஆலை வாசலில் உள்ள எடை மேடை எடையைச் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. கவிழ்ப்பதோ உயரம். டிரெய்லரின் பக்கத்தில் ஒரு கோடு வரைந்து, அதற்கு மேல் ஏற்றக்கூடாது என விதி செய்ய வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு நடைக்கு டீசல் யார் தருவார் என்று விவசாயி கேட்பார். நியாயமான கேள்விதான், அந்தச் செலவில் ஆலைகளும் பங்கேற்க வேண்டும்.

கல்வராயன் மலைச் சரிவுகளில் வேறோர் ஆபத்தும் உண்டு. பின்சக்கரம் சேற்றில் சிக்கி உருளாமல் நின்றுவிட்டால், எஞ்சின் வேறெதைச் சுழற்றும்? வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். ஓரிரு நொடிக்குள் டிராக்டர் மல்லாந்துவிடும். இதையே வித்தையாகச் செய்து காட்டுவோரும் உண்டு. பஞ்சாபில் 2023 அக்டோபரில் ஓர் இளைஞர் அப்படி இறந்த பிறகு, அம்மாநில அரசு டிராக்டர் சாகசங்களுக்குத் தடை விதித்தது. சரியான தடைதான். ஆனால் அன்றாட வேலையின்போது கவிழும் டிராக்டரை எந்தத் தடை நிறுத்தும்? சுவீடன் நாடு 1959லேயே, புதிய டிராக்டர் ஒவ்வொன்றிலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்க வேண்டும் என்று விதித்தது. கவிழ்ந்து இறப்போர் தொகை அங்கே வெகுவாகக் குறைந்தது. நம் பக்கத்திலோ, மட்கார்டின் மேல் பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். அந்த இடத்தில் நீங்கள் உட்காராதீர்கள். தம்பி தங்கையரையும் உட்கார விடாதீர்கள்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வரும்போது இதைச் செய்து பாருங்கள். ஒரு பொம்மை டிரெய்லரில் விளக்குமாற்றுக் குச்சிகளைக் கரும்பைப் போல அடுக்கி, பலகையின் மேல் குறுக்காக நிறுத்துங்கள். பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கி, எந்தக் கோணத்தில் வண்டி கவிழ்கிறது என்று பாகைமானியால் அளவிடுங்கள். பாதி உயரத்துக்கு மட்டும் அடுக்கி மீண்டும் செய்யுங்கள். பலகையில் உப்புத்தாள் ஒட்டிக்கொள்வது நல்லது; இல்லாவிட்டால் வண்டி கவிழும் முன்னரே வழுக்கிவிடும்.