என் கட்டை விரலை விற்றவர்களே

பிட் நோட்டீஸில் என்ன அச்சடித்தீர்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. இலவசத் தையல் பயிற்சி, அரசுச் சான்றிதழ், நூற்றுக்கு நூறு வேலை, கம்பெனி வேன் வீட்டு வாசலுக்கே வரும். திருவாலங்காடு ஸ்டேஷன் ரோட்டில் கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டினீர்கள். அரசு முத்திரையைப் பார்த்துத்தானய்யா வந்தோம். உங்கள் முகத்தைப் பார்த்து எவள் வருவாள்?

வீடு வீடாக வந்த உங்கள் ஆளுக்கு மொபிலைசர் என்று பெயராம். தலைக்கு இவ்வளவு என்று காசாம். "அக்கா, ஆதாரும் பாஸ்புக் ஜெராக்ஸும் மட்டும் குடுங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார். நன்றாகவே பார்த்துக்கொண்டீர்கள்.

கரும்பு வெட்டுக் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம். வருகைப் பதிவுக்குக் காலையில் ஒரு தரம் விரல், சாயங்காலம் ஒரு தரம் விரல். நடுவில் என்ன நடந்தது? ஓடுகிற பவர் மிஷின் ஒன்றே ஒன்று. அதற்கும் போட்டோ எடுக்கிற நாளில்தான் உறையைக் கழற்றினீர்கள். மற்ற நாளெல்லாம் செல்போனில் வீடியோ. அரிவாள் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்றால், எண்ணெய் தடவி, துடைத்து, மறுபடி மறுபடி அழுத்த வைத்தீர்கள். அந்த அக்கறையில் பாதியை ஒரு காலர் தைக்கச் சொல்லிக்கொடுப்பதில் காட்டியிருந்தால், இன்றைக்கு ஏதாவதொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

பரீட்சைக்கு விடையைப் போர்டிலேயே எழுதிப் போட்டீர்கள். சான்றிதழ் வந்தது. வேன் வரவில்லை. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். போகட்டும் என்று வேறொரு பயிற்சிக்குப் போனேன். "உங்க ஆதார்ல ஏற்கெனவே முடிச்சதா காட்டுதேம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொல்லிக்கொடுக்காதது ஒரு பாவம்; இனிமேல் கற்கவும் வழியில்லாமல் அடைத்துவிட்டுப் போனீர்களே, அதற்கு என்ன பெயர்?

எனக்கு மட்டும் நடந்ததென்றால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். எனக்கு மட்டும் இல்லை. மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமாக 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவின் முதல் மூன்று கட்டங்களைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 95,90,801 பேரின் பதிவுகளைப் பார்த்தார்களாம். அதில் 94.53 சதவீதத்தில் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் சுழியம், அல்லது ஒன்றுமே இல்லை. மீதியிலும் 11111111111 என்றும் 123456 என்றும் எண்கள். 52,381 பேருக்குச் சேர்த்து 12,122 கணக்குகள்தான். ஒரே போட்டோ பல பேருக்கு. எங்களிடம் மட்டும் ஜெராக்ஸ் தெளிவாக இல்லை என்று இன்னொரு தரம் எடுத்துவரச் சொன்னீர்கள்!

அந்தத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் போன விதத்தைப் பாருங்கள். பேட்ச் தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் வாங்கியதும் 50, வேலை கிடைத்தால் 20. ஒருத்திக்கும் வேலை வாங்கித் தராமலே நூற்றில் எண்பது பங்கு கைக்கு வந்துவிடும். பிறகு எவன் வேன் அனுப்புவான்? 2025இல் 178 பயிற்சி நிறுவனங்களையும் மையங்களையும் கறுப்புப் பட்டியலில் வைத்தார்கள். வைக்கட்டும். அதனால் எங்கள் கூலி திரும்பி வந்ததா?

எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பழையனூரில் எழுபது வேளாளர் கதை உண்டு. நீலி என்ற பேயோடு போகப் பயந்த வணிகனுக்கு, "உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு" என்று சபையில் வாக்குக் கொடுத்தார்கள். அவன் செத்தான். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். யாரையும் நான் தீயில் இறங்கச் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தவர் பெயரையாவது சபையில் சொல்லுங்கள் என்கிறேன்.

நூறு நாள் வேலைச் சட்டம் 2005இலேயே கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. குளம் வெட்டிய கணக்கை ஊர் கேட்கலாம் என்றால், பயிற்சிக் கணக்கை ஏன் கேட்கக் கூடாது? அரசு அதிகாரிகளே, எங்கள் ஊரில் யார் யார் படித்ததாக எழுதியிருக்கிறது, யாருக்கு எங்கே வேலை, என்ன சம்பளம், எந்த நிறுவனம் எவ்வளவு வாங்கியது – மைக்கில் வாசியுங்கள். பெயர் உள்ளவள் எழுந்து நின்று ஆமாம், இல்லை என்று சொல்லட்டும். அதற்குப் பிறகு கொடுங்கள் பணத்தை. சம்பளம் மூன்று மாதம் கணக்கில் ஏறிய பிறகுதான் பெரிய பங்கு என்று மாற்றுங்கள். "நூற்றுக்கு நூறு வேலை" என்று அச்சடிப்பவன் போன பேட்சில் எத்தனை பேருக்கு வேலை வாங்கித் தந்தான் என்பதையும் அதே எழுத்தளவில் அச்சடிக்கட்டும்.

என் பெயருக்கு நேரே வேலை கிடைத்ததாக எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் எந்தக் கம்பெனி என்று சொல்லுங்கள். என் சம்பளத்தை மாதா மாதம் யார் வாங்குகிறார் என்று நேரில் போய்க் கேட்க வேண்டும்.