கையில் பணம், வயிற்றில் பசி!

சீனாவின் தென்மேற்கே செங்டு என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. காரத்துக்குப் பெயர்போன சிச்சுவான் மாகாணத்தின் தலைநகர். அங்கே வேலைக்குப் போன வெளிநாட்டுக்காரர் ஒருவர், வந்த மறுநாள் தெருவோரக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பசி. ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கேட்டுவிட்டு நோட்டை நீட்டுகிறார். கடைக்கார அம்மாள் கையை விரிக்கிறார். சில்லறை இல்லை!

அந்த அம்மாள் மேல் குற்றம் இல்லை. அவரிடம் நோட்டு நீட்டுகிறவர்களே அபூர்வம். சுவரில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியைச் செல்போனில் காட்டிப் பணம் கொடுப்பதே அங்கே வழக்கம். கீரை விற்கிறவர், செருப்புத் தைக்கிறவர் வரையில் அப்படித்தான். ஊருக்குப் புதியவரிடம் அந்த வசதி இல்லை. கை நிறையப் பணம் இருக்கிறது. வயிறு காய்கிறது!

ரொக்கத்தை வாங்க மறுப்பது சட்ட விரோதம் என்று சீன மத்திய வங்கி 2018லேயே அறிவித்தது. 2023ல் அலிபே, வீசாட் ஆகிய இரண்டு செயலிகளிலும் வெளிநாட்டு வங்கி அட்டைகளைச் சேர்க்கும் வழி விரிவாயிற்று. 2024ல் ஒரு தடவைக்கு 1,000 டாலர் என்றிருந்த வரம்பு 5,000 டாலராக உயர்ந்தது. நல்ல காரியம். ஆனால் நூடுல்ஸ் வாங்குகிறவருக்கு 5,000 டாலர் எதற்கு? கடையில் ஒரு சில்லறைப் பெட்டி இருந்தால் போதுமே!

தங்கும் இடத்திலும் தொல்லை உண்டு. சீனாவில் வெளிநாட்டுக்காரர் எங்கே தங்கினாலும் போலீசில் பதிவு செய்ய வேண்டும். ஓட்டலில் தங்கினால் ஓட்டல்காரர்களே அதைச் செய்துவிடுவார்கள். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தாமாகவே பதிய வேண்டும். இந்தப் பதிவு வேலைக்குப் பயந்து, "வெளிநாட்டுக்காரருக்கு அறை இல்லை" என்று சொன்ன சிறு விடுதிகள் உண்டு. அப்படி மறுக்கக்கூடாது என்று 2024ல் அரசாங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நள்ளிரவில் பெட்டியோடு நிற்கிறவருக்கு அரசாங்கத்தின் உத்தரவைவிட, மேசைக்குப் பின்னால் இருக்கும் குமாஸ்தாவுக்குப் பதிவு செய்யத் தெரிந்திருப்பதே முக்கியம். அதைச் சொல்லிக் கொடுப்பது நகர அதிகாரிகளின் கடமை என்பது நம் கருத்து.

இந்தக் கஷ்டத்தைத் தாண்டிவிட்டால் போதும், அப்புறம் ராஜபோகம்தான்! சாப்பாட்டைப் பாருங்கள். கொதிக்கிற குழம்புச் சட்டி மேசை நடுவில் இருக்கும். சுற்றி உட்கார்ந்து காய், இறைச்சி, காளான் எல்லாவற்றையும் அதில் முக்கி எடுத்துச் சாப்பிடுவார்கள். மேலே செக்கச் செவேலென்று மிளகாய் மிதக்கும். அந்த மிளகாயும் நம் மிளகாயைப் போல அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் நாக்கை மரக்க வைப்பது வேறொன்று. சிச்சுவான் மிளகு என்று சொல்கிறார்கள். அது மிளகே அல்ல! நம் கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் சேர்ந்த அதே தாவரக் குடும்பம். காரம் சாப்பிட்டு வளர்ந்த தமிழர்கூட முதல் தடவை நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்!

சைவக்காரர்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெறும் காய்கறிதானே என்று வாங்கினால், பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். செங்டுவில் வென்ஷு என்ற புத்த மடத்தில் சைவச் சாப்பாடு கிடைக்கும்.

சாப்பிட்ட பிறகு தேநீர்க் கடை. மூங்கில் நாற்காலி, மூடி போட்ட கிண்ணம். ஒரு கிண்ணத் தேயிலை வாங்கினால் வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் வரையில் உட்கார்ந்திருக்கலாம். எழுந்து போகச் சொல்ல யாரும் இல்லை.

பிரயாணமும் சுகம். செங்டுவிலிருந்து மலை நகரமான சோங்கிங் சுமார் 300 கிலோமீட்டர். அதிவேக ரெயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சோங்கிங்கில் லிசிபா என்ற இடத்தில் நகர ரெயில் அடுக்குமாடிக் கட்டிடத்துக்குள் புகுந்து போகிறது! தெற்கே யுன்னான் மாகாணத்தின் குன்மிங் நகரிலிருந்து லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்கு ரெயில் பாதை 2021ல் திறந்தது. எல்லை தாண்டும் பயணி ரெயில் 2023ல் ஓடத் தொடங்கியது. இங்கும் பாஸ்போர்ட் இல்லாமல் டிக்கெட் இல்லை. பக்கத்தில் இருக்கும் திபெத்துக்குப் போக விசா மட்டும் போதாது. தனி அனுமதியும் பயண ஏற்பாட்டாளரும் வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகள் சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிறார்கள். பெட்டியில் புளியும் பொடியும் வைக்கிற தாய்மார்கள் இன்னும் சிலவற்றையும் கவனிக்க வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன்பே போனில் பணச் செயலி சரியாக இருக்கிறதா? பாஸ்போர்ட் நகல் இருக்கிறதா? "பூ யாவ் லா" என்றால் காரம் வேண்டாம் என்று அர்த்தம். அது பிள்ளைக்குத் தெரியுமா? சட்டைப் பையில் சிறு சிறு யுவான் நோட்டுகளாகக் கொஞ்சம் இருக்கட்டும். அந்த நூடுல்ஸ் கடையில் சில்லறைப் பெட்டி வருகிற வரையில் அது உதவும்.