கோணல் தையலும் நல்ல தையலே

நோயுற்றவருக்கு ஓய்வு வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் ஓய்வு என்றால் கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பதுதான் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. நோயாளி எழுந்து ஒரு குவளைத் தண்ணீர் எடுக்க முனைந்தாலும், "நீங்கள் சும்மா இருங்கள்" என்று அன்போடு தடுத்துவிடுகிறோம். அந்த அன்பை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் வாரக்கணக்கில் பிறர் ஊட்ட உண்டு, பிறர் உடுத்த உடுத்தி, எதற்கும் பிறரை எதிர்பார்த்து வாழ்கின்ற ஒருவருக்குத் தம் கையால் ஏதேனும் ஒன்றைச் செய்யும் வாய்ப்பும் தேவைப்படுகிறது. அதற்கு மிகவும் ஏற்றது பழந்துணியைக் கொண்டு செய்யும் எளிய ஊசி வேலையும் விரிப்பு வேலையும் என்பது எங்கள் கருத்து.

ஊசி வேலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, புள்ளி பிசகாமல் எண்ணித் தைக்கும் நுண்ணிய பூவேலை. நாங்கள் கூறுவது அதுவன்று. வட அமெரிக்காவில் 'பிரிமிட்டிவ்' என்ற பெயரில் ஒரு கைவேலைப் பாணி பலராலும் விரும்பப்படுகிறது. ஒரு வீடு, ஒரு மரம், ஓர் ஆடு, சில நட்சத்திரங்கள் என்று குழந்தை வரைந்ததைப் போன்ற உருவங்கள். மங்கிய சிவப்பும் பழுப்பும் கடுநீலமுமான நிறங்கள். ஒன்றுக்கொன்று ஒவ்வாத அளவுகள். கோழி வீட்டைவிடப் பெரிதாக நின்றாலும் அதைக் குறை என்று எவரும் சொல்வதில்லை. தையல் ஓரிடத்தில் நீண்டும் ஓரிடத்தில் குறுகியும் செல்லலாம். கையால் செய்தது கையால் செய்ததாகவே தெரிவதுதான் இப்பாணியின் இலக்கணம்.

இப்பாணியின் வேர் வறுமையிலும் குளிரிலும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் அட்லாண்டிக் கரையிலும் வாழ்ந்த எளிய குடும்பங்கள், குளிர்ந்த மரத்தரையில் விரிப்பதற்குக் கம்பளம் வாங்க வழியற்றவை. தானியமும் தீவனமும் வந்த சணல் சாக்குகளை அப்பெண்கள் பிரித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினார்கள். அந்தச் சாக்குகளுக்கு உரிய சணல் பெரும்பாலும் நம் வங்காளத்தில் விளைந்தது. அடுப்பிலிருந்து எடுத்த கரிக்குச்சியால் சாக்கின்மீது தம் வீட்டு நாயையோ தோட்டத்துப் பூவையோ வரைந்து, கிழிந்த கம்பளி ஆடைகளை நாடாக்களாக வெட்டி, குரோஷா ஊசியை ஒத்த ஒரு கொக்கியால் கீழிருந்து மேலாக வளைவு வளைவாக இழுத்து நிரப்பினார்கள். 1860களின் இறுதியில் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்டு சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட் என்ற வணிகர் தகர அச்சுகளைக் கொண்டு கோலம் பதித்த சாக்குகளை விற்கத் தொடங்கினார். அதன்பின் அழகிய அச்சுக்கோலங்கள் எங்கும் கிடைத்தன. எனினும் கரிக்குச்சியால் தாமே வரைந்து செய்த பழைய விரிப்புகளைச் சேகரிப்போர் இன்றும் தேடி அலைகின்றனர்.

இக்கைவேலைக்கும் மருத்துவமனைக்கும் நெருங்கிய உறவொன்று உண்டு. வில்ஃபிரட் கிரென்ஃபெல் என்ற ஆங்கில மருத்துவர் 1892ஆம் ஆண்டில் லாப்ரடார் கடற்கரைக்குச் சென்று, அங்கு மருத்துவ வசதியின்றி வாழ்ந்த மீனவக் குடும்பங்களுக்குத் தொண்டாற்றத் தொடங்கினார். நோய்க்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, நோயை வளர்க்கும் வறுமைக்கும் வழி காண வேண்டும் என்று அவர் கருதினார். அவருடைய அழைப்பை ஏற்று 1906ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி லூதர் என்ற கைவினை ஆசிரியை நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் அந்தோணி என்னும் ஊருக்கு வந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நரம்புத் தளர்ச்சியுற்றோருக்குக் கைத்தொழிலையே சிகிச்சையாக அளித்த நிலையமொன்றில் பணியாற்றியவர் அவர். அப்பகுதிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த விரிப்பு வேலையும் நாளடைவில் கிரென்ஃபெலின் கைவினைத் திட்டத்தில் இடம்பெற்றது. 1920களில் வெளியூர்ப் பெண்கள் நைந்துபோன தம் பட்டுக் காலுறைகளை அனுப்பிவைத்தனர். அவை சாயமேற்றப்பட்டு, பனிக்கரடிகளும் நாய்வண்டிகளும் கப்பல்களுமாக விரிப்புகளில் இடம்பெற்றன. விற்பனைக்குரியவை என்பதால் அவ்விரிப்புகள் சீராகவும் நெருக்கமாகவும் அமைய வேண்டியிருந்தது. தம் வீட்டுத் தரைக்கென்று செய்து கொண்டவற்றுக்கு அக்கட்டுப்பாடு இல்லை.

இதே காலத்தில்தான் கைவேலையைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கருதும் துறை உருப்பெற்றது. 1917ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் கூடிய சிலர் அதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். இன்று மருத்துவமனைகளில் செயல்வழிச் சிகிச்சை என்று நாம் காண்பது அவ்வழியில் வளர்ந்ததே. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து பூவேலை செய்த பலிபீடத் துணியொன்று இலண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் உள்ளது. தையல் பெண்களுக்குரியது என்று தயங்கும் ஆண் நோயாளிகளுக்கு இச்செய்தியை நாங்கள் நினைவூட்ட விரும்புகிறோம்.

நமக்கும் இது புதிதன்று. பிறந்த குழந்தையைப் பழைய வேட்டித் துணியில் ஏந்துகிறோம். தாயின் சேலையில் தூளி கட்டுகிறோம். கிழிந்த சேலையைப் பின்னிக் கால்மிதியாக்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி, அச்சேலைக் கரைகளிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத் தையலிட்டுக் காந்தா என்னும் போர்வை செய்தனர். பலமுறை துவைத்து மெத்தென்றாகிவிட்ட துணியின் அருமை நம்மவர்க்கு நன்றாகத் தெரியும். ஆகவே அமெரிக்கக் கம்பளியைத் தேட வேண்டியதில்லை. வீட்டு அலமாரியில் ஒதுக்கப்பட்டிருக்கும் ஒரு பருத்திச் சேலை போதும்.

நோயாளிக்கு இத்தகைய வேலையே ஏற்றது என்பதற்குக் காரணங்கள் உண்டு. மருந்தின் மயக்கத்தில் எண்ணிக்கை தவறும், கை நடுங்கும், பத்து நிமிடத்தில் களைப்பு வரும். எண்ணித் தைக்கும் நுண்வேலையில் இவை ஒவ்வொன்றும் ஒரு தோல்வியாகத் தெரியும். உடல் ஏற்கெனவே ஏமாற்றியிருக்கும் வேளையில் மற்றொரு தோல்வி எதற்கு? எளிய பாணியில் நடுங்கிய கையின் தையலும் வேலைக்குள் அடங்கிவிடும். சாக்கில் இழுக்கும் விரிப்பில் முடிச்சே கிடையாது. அடுத்தடுத்த வளைவுகள் நெருங்கி நின்று ஒன்றையொன்று பிடித்துக் கொள்ளும். பிடிக்கவில்லையென்றால் நாடாவை இழுத்துவிடலாம், துணிக்குச் சேதமில்லை.

உடனிருப்போருக்கும் இது பொருந்தும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருப்பவருக்குக் கதைப் புத்தகத்தில் மனம் செல்வதில்லை. கைப்பேசியில் தேடத் தொடங்கினால், நோயைப் பற்றி யார் யாரோ எழுதியவற்றைப் படித்து அச்சம் பெருகுகிறது. பின்னல் வேலையை எந்த நொடியிலும் கீழே வைக்கலாம். செவிலியர் அழைத்தவுடன் எழுந்து போகலாம். திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதனால் நோய் குணமாகும் என்று நாங்கள் கூறவில்லை. வலியையும் கவலையையும் சற்று நேரம் ஒதுக்கிவைக்க இது பலருக்கு உதவுகிறது. எல்லோருக்கும் உதவும் என்றும் சொல்ல இயலாது. விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது.

தொடங்க விரும்புவோருக்கு ஊசியே தேவைப்படாத ஒரு வழியைக் கூறுகிறோம். துவைத்து உலர்த்திய பருத்திச் சேலையை ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலமுள்ள நாடாக்களாக வீட்டிலேயே கிழித்துக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு நாடாவின் முனையிலும் ஒரு சிறு துளை வெட்டுங்கள். பழைய நாடாவின் முனையைப் புதிய நாடாவின் துளையில் நுழைத்து, புதிய நாடாவின் மறுமுனையைப் பழைய நாடாவின் துளை வழியே இழுத்தால் இரண்டும் இணைந்துவிடும். பிறகு தலை பின்னுவதைப் போல மூன்று புரியாகப் பின்ன வேண்டும். சுங்குடிச் சேலையாக இருந்தால், அதன் புள்ளிகள் பின்னலில் மறைந்தும் தோன்றியும் வருவதைக் காண்பதே ஒரு மகிழ்ச்சி. பின்னல் போதிய அளவு நீண்டதும் அதை மேசைமீது வட்டமாகச் சுற்றி, மழுங்கிய முனையுள்ள பெரிய ஊசியால் உட்புறமாக இணைக்கலாம். இறுக்கி இழுத்தால் வட்டம் கிண்ணம் போலக் குழிந்துவிடும்; தளர விட்டுச் சுற்றுவது நலம். இந்த இணைப்பு வேலையை வீட்டிலுள்ள ஒருவரும் செய்து தரலாம்.

சில எச்சரிக்கைகளைக் கட்டாயம் கூற வேண்டும். எதையும் தொடங்குமுன் வார்டு செவிலியரையோ மருத்துவரையோ கேளுங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும், தட்டணுக்கள் குறைந்தோரும் கூர்மையான ஊசியையும் கத்தரிக்கோலையும் தவிர்க்க வேண்டும். நெடுநாள் நீரிழிவால் விரல்களில் உணர்வு குன்றியவருக்கு ஊசி குத்தியதே தெரியாமல் போகலாம். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டிருந்தால், அந்தக் கையில் குத்துக்காயம் படாமல் காக்க வேண்டும். டயாலிசிஸுக்கான இரத்தநாள இணைப்புள்ள கையில் பாரமோ அழுத்தமோ கூடாது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் மூச்சிரைப்பு உள்ளோரும் தூசி படிந்த பழஞ்சாக்கைத் தொடவே வேண்டா. ஊசியை மெத்தையில் குத்தி வைக்காதீர்கள். எடுத்த ஊசியை எண்ணி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். செய்து முடித்த விரிப்பைத் தரையில் போடும் ஆசை இயல்பானது. ஆனால் நழுவும் விரிப்பு முதியோரையும் நடை தளர்ந்தோரையும் தடுக்கி வீழ்த்தும். ஆதலால் நாற்காலி இருக்கையிலோ, சுவரிலோ, தண்ணீர்ச் செம்பின் அடியிலோ அதற்கு இடம் கொடுங்கள்.

"கடையில் இதைவிட அழகான கால்மிதி மலிவாகக் கிடைக்குமே" என்று சிலர் கேட்கலாம். கிடைக்கும். ஆனால் அதில் அம்மாவின் சேலையும் அப்பாவின் வேட்டியும் இருக்காது. மேலும், நோயாளியின் கையிலிருந்து பிறருக்குச் செல்லும் பொருளாக அது ஆகாது. நலம் விசாரிக்க வருவோர் பழமும் பாலும் கொண்டுவருகிறார்கள். அவர்களில் ஒருவருக்கேனும் பதிலுக்கு ஒன்றைக் கொடுக்க முடிந்தால், படுக்கையில் இருப்பவரின் நிலை சிறிது மாறுகிறது. இத்தனை நாள் பெற்றுக்கொண்டே இருந்தவர் அன்று கொடுப்பவராகிறார்.

குடும்பத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. "எப்போது முடிப்பீர்கள்?" என்று கேட்காதீர்கள். கோணலாக இருக்கும் தையலைப் பிரித்துச் சரிசெய்து கொடுக்காதீர்கள். நன்றாக இருக்கிறதே, விற்கலாமே என்று யோசனை சொல்லாதீர்கள். விலை என்று வந்துவிட்டால் அளவுகோலும் உடன் வந்துவிடும். மருத்துவமனையில் அளக்கப்படுபவை ஏற்கெனவே போதுமான அளவு உள்ளன.

சில வேலைகள் முடிவதில்லை. உடல்நிலை இடம் தராமல் போகலாம்; செய்தவரே இல்லாமலும் போகலாம். அத்தகைய பின்னலை என்ன செய்வது என்று தெரியாமல் பையிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. விரும்பினால் மற்றொருவர் அதைத் தொடரலாம். இரு கைகளின் இறுக்கம் ஒன்றாக இராது. எந்த இடத்தில் கை மாறியது என்பது பின்னலில் தெரியும். அதை மறைக்க முயல வேண்டியதில்லை. தொடர மனமில்லையெனில் அப்படியே மடித்து வைப்பதிலும் குறையொன்றும் இல்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மாற்றுத்துணியோடு ஒரு பழைய பருத்திச் சேலையையும் நாடாக்களாகக் கிழித்துப் பையில் எடுத்து வாருங்கள். செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முதல் மூன்று நாடாக்களைக் கட்டிலின் கம்பியில் முடிந்து தொடங்கலாம்.