பேராதனையிலிருந்து யேனாவுக்கு ஒரு கடிதம்

1881ஆம் ஆண்டு ஜேர்மனியின் யேனாப் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் இலங்கைக்கு வந்தார். பேராதனைத் தாவரவியற் பூங்காவில் நான்கு நாள்களைக் கழித்து, ஊர் திரும்பியதும் அதனை எழுதி வைத்தார். அன்று அறிவு தேடி அவர்கள் இங்கு வந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் அங்கு செல்ல விழைகிறார்கள். அதில் தவறில்லை. வழி தெரியாமல் பணத்தை இழக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

அண்மையில் கலகா சந்தியில் நண்பரின் மகளைச் சந்தித்தேன். பேராதனையில் தாவரவியலில் சிறப்புப் பட்டமும் பின்னர் முதுமாணியும் பெற்றவர். ஜேர்மனியில் கலாநிதிப் பட்டத்துக்கு அனுமதி பெற்றுத் தருவதாகச் சொன்ன முகவர் ஒருவரிடம், தாயாரின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தார். கிடைத்தது வாக்குறுதி மட்டுமே.

அந்நாட்டில் விஞ்ஞானத்துறைக் கலாநிதி ஆய்வு என்பது பெரும்பாலும் ஒரு வேலை. பல்கலைக்கழகங்களும் மாக்ஸ் பிளாங்க் போன்ற ஆய்வு நிறுவனங்களும் தத்தம் இணையத்தளங்களில் வெற்றிடங்களை வெளிப்படையாக அறிவிக்கின்றன. பல்கலைக்கழகப் பதவிகளுக்கு அரசுச் சம்பளத் திட்டத்தின் 13ஆம் படிநிலையே வழமை. அதிலும் பாதியோ 65 சதவீதமோதான் பலருக்குக் கிடைக்கும். ஒப்பந்தமும் பொதுவாக மூன்று ஆண்டுகளே. போட்டி கடுமையானது. ஆயினும் விண்ணப்பிக்க முகவர் எதற்கு?

ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரை அவர்கள் மரபாக 'கலாநிதித் தந்தை' என்று அழைப்பார்கள். பிதாவும் குருவும் ஒருவரேயாகும் அந்த உறவு ஒரு மின்னஞ்சலில் தொடங்கலாம். அவருடைய கட்டுரைகளை வாசித்து, தாம் செய்த ஆய்வு அதனோடு எங்கே பொருந்துகிறது என்று ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் குப்பைக்கூடைக்கே போகும்.

இதைச் சொல்லித் தர வேண்டியவர்கள் யார்? அங்கே படித்துத் திரும்பிய நம் விரிவுரையாளர்கள்தாம். ஆண்டுக்கு ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கினால் போதும். வழிகாட்டல் இல்லாத இடத்தில்தான் முகவர் கடை விரிக்கிறார். வீட்டில் கேட்டறிய ஆளில்லாத, முதல் தலைமுறையாகப் படிக்க வந்த மலையகப் பிள்ளைகளே அங்கு முதலில் ஏமாறுகிறார்கள்.

நண்பரின் மகள் இப்போது யேனாவிலுள்ள மாக்ஸ் பிளாங்க் இரசாயனச் சூழலியல் நிறுவனத்துக்குத் தாமே கடிதம் எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். ஆனால் இம்முறை வீட்டில் எந்த நகையும் அடகுக்குப் போகவில்லை.